மருந்து இல்லை, ஸ்னோதான்

உத்திரமேரூரில் தோல் கிளினிக் வைத்திருக்கிறேன். முகத்தில் கருந்திட்டாகப் படியும் மங்குக்காக வருகிறவர்கள்தான் அதிகம். அன்று காவாந்தண்டலத்திலிருந்து வந்த பெண்ணுக்கும் இரண்டு கன்னத்திலும் மங்கு. மகள் கல்யாணத்துக்குள் போய்விட வேண்டும் என்றார்.

மேல்தோலை உரிக்கும் திரவத்தைக் கிண்ணத்தில் ஊற்றியபடியே, எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டேன். "முகத்துக்கு மருந்து ஏதாவது போடுறீங்களாம்மா?"

"ஒண்ணியும் இல்ல டாக்டரம்மா."

பிரஷ்ஷை நனைத்து அவர் கன்னத்தருகே கொண்டுபோனேன். மூடிய கண்ணைத் திறக்காமலே கேட்டார். "ராவுக்கு ஸ்னோ போட்டுக்கலாமா? தெனமும் போட்டுக்கினு கீறேன். வுட்டா கறுத்துப்பூடுது."

என் கை நின்றுவிட்டது. "என்ன ஸ்னோ?"

இந்தப் பக்கத்தில் முகத்துக்குப் பூசும் எந்த க்ரீமுக்கும் ஸ்னோ என்றுதான் பேர். பையிலிருந்து டியூபை எடுத்துக் காட்டினார். டாக்டர் சீட்டு இல்லாமலே கடையில் கிடைக்கும் ஸ்டீராய்டு களிம்பு. நாள்பட அதைப் பூசினால் தோல் மெலிந்துவிடும். என் திரவம் பட்டிருந்தால் கன்னம் வெந்துபோயிருக்கும்.

"இது மருந்தாச்சேம்மா."

"எனுக்கு இன்னா நோவு கீது, மருந்து போட? கலருக்குத்தான் போடறேன். எங்க தெருவுல எல்லாரும் போடறாங்க."

கிண்ணத்தில் இருந்ததைக் கொட்டினேன். அவர் எதையும் மறைக்கவில்லை. நான் கேட்ட விதம்தான் தப்பு.

இப்போதெல்லாம் "ஸ்னோ என்ன போடுறீங்க?" என்றுதான் ஆரம்பிக்கிறேன். ஆனாலும் மனசு அடங்கவில்லை. அதற்கு முன் எத்தனையோ பேர் என்னிடம் "ஒண்ணியும் இல்ல" என்றிருக்கிறார்கள். அதில் பலர் திரும்பி வரவே இல்லை. குணமாகிவிட்டதால்தான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.