ஒரே தாளில் இரண்டு கை

பிற்பகல் மூன்றேகால் மணிக்கு மண்டபத்தின் கதவைத் திறந்தார்கள். முதலில் கண்ணில் பட்டவை ஓடாமல் நின்ற மின்விசிறிகள். மின்சாரம் இருந்தது, வேண்டுமென்றேதான் நிறுத்தியிருந்தார்கள். உள்ளே எல்லோரும் வரைந்தது பாஸ்டலில். அது ஏறக்குறைய வண்ணச் சுண்ணாம்புக் குச்சி. தாளில் தேய்த்தால் தூளாக ஒட்டும். விசிறி ஓடினால் பக்கத்துப் படத்தின் சிவப்பு இந்தப் படத்தின் வானத்தில் வந்து உட்காரும். அதனால் காற்றில்லாமலே வரைந்து முடித்தவர்கள், வெளியே தாழ்வாரத்தில் புடவைத் தலைப்பாலும் துண்டாலும் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. சென்னை நாளிதழ் ஒன்றுக்கு நான் காஞ்சிபுரம் நிருபர். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு வாசகசாலை பெரியவர்களுக்காக நடத்திய ஓவியப் போட்டிக்கு மூன்று நடுவர்கள் தேவைப்பட்டார்கள். வாசகசாலைத் தலைவர் ஒரு பட்டுக்கடைக்காரர். அவரே ஒரு நடுவர். “பார்த்ததப் பார்த்தபடி எழுதறவன்தானே நீ, வந்து பாரு” என்று என்னைச் சேர்த்துக்கொண்டார். மூன்றாமவர் உயர்நிலைப் பள்ளி ஓவிய ஆசிரியர். கும்பகோணத்துக்காரர், அந்த ஆண்டுதான் மாற்றலாகி வந்திருந்தார். எங்கள் மூவரில் வரையத் தெரிந்தவர் அவர் மட்டும்தான்.

முதல் பரிசு பெறும் படம் சென்னையில் ஒரு கண்காட்சிக்குப் போகும், அங்கே ஒரு வாரம் சுவரில் மாட்டியிருக்கும் என்று அறிவித்திருந்தார்கள். நாங்கள் உள்ளே நுழையும்போது தாழ்வாரத்தில் ஒரு இளம்பெண் தலைவரை மறித்துக் கேட்டாள்: “மெட்ராசுல ராத்திரியும் மாட்டியே வச்சிருப்பாங்களா சார், இல்ல கழட்டிடுவாங்களா?”

“மொதல்ல ஜெயிம்மா” என்றார் தலைவர்.

படங்களைத் தரையில் வரிசையாகப் பரப்பியிருந்தார்கள். பெயர்கள் பின்பக்கத்தில். கொடுத்த தலைப்பு ‘எங்கள் தெரு’. பாதிக்கு மேல் கோபுரம் வரைந்திருந்தார்கள். கோபுரம் போக இடம் மிஞ்சியிருந்தால் அதில் தெரு. ஒருவர் பேருந்து வரைந்தார். தெரு அதற்கு அடியில் போய்விட்டது. ஏறக்குறைய எல்லாப் படங்களிலும் ஒரே குறை. வரைகிற கை தாளில் ஊன்றி, உள்ளங்கை போன வழியெல்லாம் நிறம் கலங்கியிருந்தது. வியர்வை வேறு.

ஒரு படம் மட்டும் துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. விடிகாலை. தறியில் ஏற்றுவதற்கு முன் பட்டிழைகளைத் தெரு நெடுக இழுத்துக் கட்டுவார்கள், பாவு என்போம். அந்தப் பாவு அரக்கு நிறத்தில் தெரு முனைவரை போயிற்று. அதை உரசவந்த பசுமாட்டை ஒரு பெண் முழங்கையால் தள்ளிக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் அவளுக்கு வேலை இருந்ததால் முழங்கை. இருபுறமும் வீடுகள். வலது வரிசைச் சுவர்களில் ஈரம் ஏறிய இடம், வெள்ளை பெயர்ந்த இடம் எல்லாம் அந்தந்த உயரத்தில் இருந்தன. நான் பிறந்தது நெசவாளர் தெருவில். வரைந்தவர் யாரென்று தெரியாமலே எனக்குப் பெருமையாக இருந்தது.

மூவரும் வேறு வேறு மூலையிலிருந்து சுற்றிவந்து அந்தப் படத்தின் முன்னால்தான் நின்றோம். தலைவர் உடனே தாளைத் திருப்பப் போனார்.

“இருங்க” என்றார் ஓவிய ஆசிரியர். வேட்டியை மடித்துக்கொண்டு தரையில் குந்தினார். மூக்கு தாளைத் தொடும் தூரத்தில் வெகுநேரம் பார்த்தார்.

“இதுல ரெண்டு கை இருக்கு. தெருவும் மாடும் இடது பக்கத்து வீடுகளும் ஒரு கை; குச்சிய நுனியால தொட்டுத் தொட்டு எடுத்திருக்கு. வலது வரிசை வேற கை. குச்சியப் படுக்கப் போட்டு அழுத்தித் தேய்ச்சிருக்கு.”

தாளைத் திருப்பினோம். ஒரே பெயர்தான் இருந்தது, ஒரு பெண்ணின் பெயர். மண்டபத்தில் காலையிலிருந்து மேற்பார்வை பார்த்த இளைஞரைத் தலைவர் கூப்பிட்டார்.

“ஏம்பா, இந்தப் படத்துக்கு எத்தினி பேர் உக்காந்தாங்க?”

“ரெண்டு பேர் சார். மாமியாரும் மருமகளும்.”

“ஒரு தாளுக்கு ஒரு ஆளுதானே சொன்னோம்?”

“ஆமா சார்.”

“அப்ப நீ இன்னாத்துக்கு விட்ட?”

இளைஞருக்குக் கேள்வியே பிடிபடவில்லை. “ரெண்டு பேர் உக்காந்தா இன்னா சார்? அந்தம்மா சைடுலதானே உக்காந்துக்கினு இருந்தாங்க” என்றார்.

தலைவர் சிரித்துவிட்டார். “நானும் பார்த்தேன்பா. ரெண்டு தடவை அந்தப் பக்கமாப் போனேன். எனக்கும் தோணல.”

ஓவிய ஆசிரியர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் ஊரில் இத்தனை பேர் கண்ணுக்கும் அது ஏன் தப்பாகப் படவில்லை என்பதை அவருக்கு நான்தான் சொன்னேன். புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் தறியில் ஒருவர் போதாது. நெய்பவர் நடுவில் இருப்பார். இன்னொருவர் வலப்பக்கம் உட்கார்ந்து அந்தக் கரைக்கான நாடாவை, அதாவது குறுக்கிழையைக் கொண்டுபோகும் கட்டையை, மட்டும் ஓட்டுவார். இரண்டு நிறமும் சந்திக்கும் இடத்தில் இழையும் இழையும் கோத்துக்கொள்ளும். கோர்வை என்பது அதுதான். ஒரு வேலைக்கு முன்னால் இரண்டு பேர் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தே வளர்ந்த கண்கள் எங்களுடையவை.

“புரியுது” என்றார் ஆசிரியர். “ஆனா மத்தவங்க எல்லாம் தனியாத்தானே வரைஞ்சாங்க? அவங்களுக்கு என்ன பதில் சொல்றது?”

நியாயமான கேள்வி. வரைந்த இருவரையும் உள்ளே கூப்பிட்டோம்.

மருமகள், தாழ்வாரத்தில் தலைவரை மறித்த அதே பெண்தான். விரல்கள் பத்தும் பத்து நிறம். மாமியாருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். வந்ததும் தரையில் கிடந்த மற்றப் படங்களை ஒரு சுற்றுப் பார்த்து, “இன்னாடி இது, எல்லாம் கைய வச்சு இழுத்துக்கினு கீது” என்றார்.

தலைவர் விஷயத்தைச் சொன்னார். முதல் பரிசுக்குரிய படம் இதுதான்; ஆனால் ஒரு படத்துக்கு ஒரு பெயர்தான் போடலாம். ஆசிரியரும் வழி விட்டார். “முக்கால்வாசி இந்தப் பொண்ணு வரைஞ்சது. அவ பேரிலேயே இருக்கட்டும். கூட ஒத்தாசை பண்ணினதா வச்சிக்கலாம்.”

“ஒத்தாசையா?” என்றார் மாமியார். “சார், தண்ணி மொண்டு குடுத்தா ஒத்தாசை. நான் ஒரு வரிசை வீடு கட்டிக் குடுத்திருக்கேன். என் பேரு வேணாம்னா என் வீட்டக் கிழிச்சு எங்கிட்ட குடுத்துடுங்க. மிச்சத்த மெட்ராசுக்கு அனுப்புங்க.”

“அத்த, சும்மா இரு அத்த.”

“நீ சும்மா இருடி. காலையில சோறு கூடத் துன்னாம வந்திருக்கேன்.”

மருமகள் படத்தைப் பார்த்தாள். அது சென்னையில் மாட்டப்பட வேண்டும் என்று அந்த மண்டபத்தில் யாரையும்விட அதிகமாக விரும்பியவள் அவள்தான் என்பது முகத்தில் எழுதியிருந்தது. பிறகு தலைவரிடம் சொன்னாள்: “அத்தை பேர் இல்லாம வேணாம் சார். அந்த பஸ் படத்துக்கே குடுத்துடுங்க.”

“பஸ்ஸுக்கா?” என்றார் மாமியார், உண்மையான அதிர்ச்சியோடு.

ஆசிரியர் சற்று யோசித்தார். ஒரு புதுத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். “என் முன்னால ஏதாவது வரைங்க. சின்னதாப் போதும்.”

மருமகள் நேராக உட்கார்ந்தாள். மாமியார் நாற்காலியை வலப்பக்கத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். என்ன வரைவது என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஜன்னலுக்கு வெளியே தெரிந்த சைக்கிள் கடையை மருமகள் நடுவிலிருந்து தொடங்கினாள். மாமியார் வலது ஓரத்திலிருந்து சுவரைக் கொண்டுவந்தார். அவள் கை முன்னே போகும்போது இவர் கை விலகியது. இவர் கை வரும்போது அவள் கை தூக்கியிருந்தது. யாருடைய உள்ளங்கையும் மற்றவர் நிறத்தின்மேல் படவில்லை. அந்தப் படம் கலங்காமல் இருந்ததன் காரணம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பேச்சுக்கு மட்டும் ஓய்வில்லை.

“கறுப்ப இங்க குடு.”

“நான் முடிச்சுக்கறேன் அத்த.”

“நீ முடிக்கறதுக்குள்ள கடைய மூடிக்கினு பூடுவான்.”

சுவரின் செங்கல் நிறமும் தெருவின் மண் நிறமும் சந்திக்கிற இடத்துக்கு வந்ததும் பேச்சு நின்றது. மருமகள் ஒரு தீற்று. மாமியார் அதன்மேல் பாதியும் வெளியே பாதியுமாக ஒரு தீற்று. மறுபடி அவள், மறுபடி இவர். எல்லைக்கோடு போடாமலே எல்லை வந்தது. ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“போதும்” என்றார். எங்களிடம் திரும்பி, “மத்தவங்க யாராவது கேட்டா இதைக் காட்டிடலாம். ரெண்டு பேரா உக்காந்து இப்படி ஒரு தாள முடிக்க முடியறவங்க இருந்தா வரட்டும். இந்தப் படத்துக்கு நான் ரெண்டு பேரையும் போடுவேன்.”

தலைவரும் நானும் அதற்காகத்தான் காத்திருந்தோம். ஆனால் சென்னைக்காரர்கள் ஒப்புக்கொள்ள வேண்டுமே. தலைவர் தம் கடையிலிருந்து டிரங்க் கால் போட்டார். நாங்கள் எல்லோரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். மாமியார் அலமாரியிலிருந்த புடவைகளைத் தொட்டுப் பார்த்து, ஒன்றின் கரை தளர்வு என்று விற்பனையாளரிடம் சொல்லிவிட்டார். மருமகள் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இணைப்பு வந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது.

தலைவர் கோர்வையிலிருந்து தொடங்கி, நாடா, வலப்பக்கம், மாமியார் என்று உரக்க விளக்கினார். மறுமுனையில் இருந்தவர் நடுவில் ஏதோ கேட்டார்.

“ஒண்ணுதான் சார்” என்றார் தலைவர். “படம் ஒண்ணுதான்.” கொஞ்சம் கேட்டுவிட்டு வைத்தார். “படம் ஒண்ணுன்னா ஆணியும் ஒண்ணுதானே, அனுப்புங்கன்னுட்டான்பா. இதுக்குப்போய் இந்தக் கத்து கத்தினேன்.”

அன்று இரவே செய்தி எழுதினேன். முதல் பரிசு என்ற சொற்களுக்குப் பின் இரண்டு பெயர்களையும் போட்டு, நடுவில் காற்புள்ளி வைத்தேன். இருபது ஆண்டு நிருபர் வேலையில் நான் அனுப்பிய சிறிய செய்திகளில் அது ஒன்று. பெருமையோடு நினைவில் வைத்திருப்பதும் அதுதான். பத்திரிகையில் இரண்டு பெயரும் வந்தன.

கண்காட்சி தொடங்கிய அன்று சென்னைக்குப் போகும் முதல் பேருந்தில் இருவரும் ஏறினார்கள். மருமகளுக்கு வலப்பக்கம், ஜன்னலோரத்தில் மாமியார் உட்கார்ந்தார்.