அக்காவின் இருபோகக் காந்தள்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலர், போன பங்குனியில் அக்காவின் கருமாதிக்கு வந்து, இலை போட்ட பிறகு சாப்பிடாமல் எழுந்து போனவர்கள். ஏன் என்று அன்று யாரும் உங்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை. சொல்லும் நிலையில் நாங்கள் இல்லை. அக்காவின் வாழ்க்கையைச் சொன்னால் அதுவும் விளங்கிவிடும்.

அக்கா எலவனாசூர்கோட்டையில் பிறந்து, சங்கராபுரத்துக்கு மேற்கே கல்வராயன் மலையடிவாரத்தில் வாழ்க்கைப்பட்டவர். அத்தான் இளம் வயதிலேயே காலமாகிவிட, மகனையும் காந்தள் தோட்டத்தையும் தனியாளாகக் காப்பாற்றினார். கண்வலிப் பூ என்கிறோமே, அதுதான். விதை மருந்துக்குப் போகும். ஆனால் ஆண்டுக்கு ஒரு முறைதான் பூக்கும். பூத்த சமயத்தில் மழை பிடித்துக்கொண்டால் மகரந்தம் கரைந்து காய் பிடிக்காது. அந்த ஆண்டே போச்சு. வானம் இருட்டினால் அக்கா வாசலுக்கும் தோட்டத்துக்குமாக நடந்துகொண்டே இருப்பார்.

அந்தப் பயத்தில்தான் இரண்டு முறை பூக்கும் காந்தளைத் தேட ஆரம்பித்தார். மலை மேல் இருந்த அவருடைய தோழி, மற்ற கொடியெல்லாம் காய்ந்துபோன தை மாதத்தில் பூத்திருந்த ஒரு காட்டுக் கொடியைக் காட்டினார். அதன் கிழங்கைக் கொண்டுவந்து நட்டு, அதன் முதல் பூவும் தோட்டத்துக் கடைசிப் பூவும் சேர்ந்திருக்கும் சில நாட்களில், காலையில் அதன் மகரந்தத்தை விரலில் தொட்டுத் தோட்டத்துப் பூக்களில் தடவுவார். அப்படி வந்த விதை முளைத்துப் பூவைக் காட்டவே சில ஆண்டுகள் ஆகும். பெரும்பாலும் பழையபடி ஒரு முறை பூத்து ஓய்ந்துவிடும். கடைசியில் சில கொடிகள் மட்டும் புரட்டாசியில் பூத்துத் தையிலும் பூத்தன. அக்கா ஓவென்று அழுதுவிட்டார். அந்தக் கிழங்குகளில் மட்டும் சிவப்பு நூல் கட்டி, மணல் கூடையில் வைத்து உள்ளறையில் பூட்டினார்.

நானோ அந்தக் கூடை இருக்கும் அறைக்குள் கால் வைக்க மாட்டேன். காந்தள் கிழங்கு ஆளைக் கொல்லும் விஷம். “ஏன்க்கா, எமனைக் கொண்டாந்து வூட்ல வச்சிக்கினு எப்டிதான் தூங்குற?” என்பேன்.

“நானும் பயந்துக்கினுதான்டி கீறேன். அதான் குளிக்காம அடுப்பங்கரைக்குப் போறதில்ல,” என்பார்.

போன பங்குனியில் திடீரென்று நெஞ்சுவலி வந்து, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அக்கா போய்விட்டார். கூடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக்கூட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

கருமாதிக்கு மலைத்தோழி, அக்காவுக்குப் பிடித்த வள்ளிக்கிழங்கு ஒரு மூட்டை கொண்டுவந்தார். சாவு வீட்டுக் கூட்டத்தில் உள்ளறை திறந்தே கிடந்தது. மூட்டையை யாரோ அங்கேயே வைத்துவிட்டார்கள்.

படையல் போட்டாயிற்று. மதில் மேல் காகத்துக்குச் சோறும் கிழங்குப் பொரியலும் வைத்தாயிற்று. காகம் வரவில்லை. பந்தலில் நீங்கள் இலை முன்னால் காத்திருந்தீர்கள். “அவளுக்கு ஏதோ மனக்குறை,” என்று பெரியவர்கள் முணுமுணுக்க, அக்கா மகன் கைகூப்பி, “இன்னா குறைன்னாலும் மன்னிச்சிக்கம்மா,” என்று அழுதான். நான் காகத்தைக் கூப்பிடக் கொல்லைப்பக்கம் போனேன். அங்கே தோல் குவியலில் சிவப்பு நூல் கிடந்தது. ஒன்றல்ல, கொத்தாக.

சமையல்காரரைப் பிடித்து உலுக்கினேன். “இந்த நூலு ஏதுங்க?”

“உள்ளறைக் கூடையில இருந்த கிழங்குல கட்டியிருந்ததுங்க. சாமிக்கு நேந்துக்கினு கட்டினதுன்னு நெனச்சி, கும்பிட்டுட்டுதான் அறுத்தேன்.”

“நீங்க வாயில வச்சீங்களா?”

“படையலுக்குச் செய்யறத உப்பு பாப்பாங்களாங்க?”

“யாரும் சோத்துல கை வைக்காதீங்க!” என்று நான் பந்தலில் கத்தியதைத்தான் நீங்கள் கேட்டீர்கள். பொரியல் பந்தலில் ஓர் இலையிலும் விழவில்லை. மதில் மேல் வைத்ததையும் படையல் இலையில் இருந்ததையும் நானே வழித்தெடுத்தேன். அடுப்பில் இருந்தது அத்தனையும் கொல்லையில் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தோம். அன்று காகம் உடனே வந்திருந்தால்? அதற்குமேல் நினைக்க இன்றைக்கும் எனக்குத் தைரியம் இல்லை.

அக்காவின் பாடெல்லாம் அதே குழியில் போயிற்று என்றிருந்தோம். ஆடியில், தோல் கிடந்த இடத்தில் மெல்லிசாய் இரண்டு கொடிகள் தலைகாட்டின. நறுக்கி எறிந்த நுனிகளில் முளை இருந்திருக்கிறது. அவை பூக்க இன்னும் ஆண்டுகள் ஆகும். இரு முறை பூக்குமா, தெரியாது. பிடுங்கிப் போடத்தான் போனேன். கை வரவில்லை. முள்வேலி கட்டினேன். சிவப்பு நூலும் நான்தான் கட்டினேன். இப்போது குளிக்காமல் அடுப்பங்கரைக்குள் நானும் போவதில்லை.

காகம் வரும்வரை பசியோடு பொறுத்திருந்த உங்கள் ஒவ்வொருவருக்கும், உப்பு பார்க்காத அந்தச் சமையல்காரருக்கும், குழி வெட்டிய கைகளுக்கும், தன் மூட்டையால் வந்ததென்று அன்று முதல் அழுதுகொண்டே இருக்கும் மலைத்தோழிக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். இன்று அக்காவின் முதலாண்டுப் படையல். அதே சமையல்காரர்தான் சமைக்கிறார். காய் நறுக்கும் இடத்தை விட்டு விடியற்காலையிலிருந்து நான் நகரவில்லை. சமையலில் கிழங்கு எதுவும் இல்லை. காகம் வந்ததும், தயவுசெய்து எல்லோரும் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.