குழிக்குப் பக்கத்தில் ஒரு காசு

எங்க வீட்டுக்காரர் கோல்ஃப் ஆடுறவர்னு சொன்னா, கேக்கிறவங்க உடனே என் கழுத்தையும் காதையும் பாப்பாங்க. அட போங்கப்பா! டிவியில வர்ற கோல்ஃப் வேற, இவர் ஆடுறது வேற. ஊர் ஊரா மாறி மாறி நடக்கிற சின்னப் போட்டித் தொடர், டூர்னு சொல்வாங்க. லாட்ஜ்ல ஒரே ரூம்ல மூணு பேர், பாத்ரூம் கம்பியில சொட்டச் சொட்ட சாக்ஸ். ஆனா காலையில பாத்தா, இஸ்திரி மடிப்பு கலையாத பேன்ட்டோட ஜமீன்தார் கணக்கா கிளம்புவாங்க.

இவர் சின்ன வயசுல மைதானத்துல அடுத்தவங்க மட்டைப் பையைச் சுமந்தவர். பாத்துப் பாத்தே ஆடக் கத்துக்கிட்டார். இப்ப நாப்பது தாண்டியாச்சு, இடுப்புல பட்டை கட்டிக்காம மட்டையைத் தொட முடியாது. சீசன் முடியும்போது மொத்தப் புள்ளிக் கணக்குல முதல் அறுபது பேருக்குள்ள இருந்தா அடுத்த வருஷமும் டூர்ல இடம் உண்டு. இல்லேன்னா நடையைக் கட்ட வேண்டியதுதான். "இந்த வருஷம் தவறினா இதோட விட்டுடறேன்"னு அவரே வாயால சொன்னார். நான் கேக்கல. அதைக் கேட்டதும் எனக்குத்தான் பயமாயிடுச்சு, ஏன்னா அது இல்லாம இந்த மனுஷன் வீட்டுல என்ன பண்ணுவார்?

சீசன் முழுக்க இழுபறி. முதல் மூணு போட்டியில பாதியிலயே பெட்டியோட திரும்பி வந்தார். நடுவுல ஒரு ஊர்ல எட்டாவதா வந்தப்போ ஃபோன்ல குரலே மாறிப்போச்சு. அப்புறம் மழை, இடுப்பு வலி, மறுபடி சறுக்கல். கடைசிப் போட்டி வர்றப்போ ஐம்பத்தெட்டாவது ஆள். நான் வேலை பாக்கிற பல் டாக்டர்கிட்ட லீவு சொல்லிட்டு கூடவே கிளம்பினேன்.

கடைசி நாள் இவரோட சேர்ந்து, ஆனா தனிக் கணக்குல, ஆடினவன் 'சிரிப்பு'. எந்நேரமும் பல்லைக் காட்டுறதால அந்தப் பேரு. சீசன் பூரா இவர் ரூம்லயே தங்கினவன். எங்க வீட்டுல சாப்பிட்டுட்டு வாய் நிறைய அண்ணின்னு கூப்பிட்டவன். அவனும் அறுபதுக்குப் பக்கத்துலதான் தொங்கிட்டிருந்தான்.

கடைசிக் குழிக்குப் பக்கத்துல இவர் பந்து. அடையாளத்துக்கு அந்த இடத்துல ஒரு காசு வச்சுட்டு, பந்தை எடுத்தார்.

"அண்ணே, காசு என் பந்து போற வழியில இருக்கு. கொஞ்சம் தள்ளி வைங்களேன்"ன்னான் சிரிப்பு.

தினமும் நடக்கிறதுதான். ஒரு மட்டைத்தலை அளவுக்கு நகத்தி வச்சார். அவன் ஆடினதும் காசைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துட்டு, அப்புறம்தான் பந்தை வைக்கணும். இவர் மறந்துட்டார். நகத்தின இடத்துலயே பந்தை வச்சு தட்டினார். உள்ள போயிடுச்சு. வேடிக்கை பாக்கிறவங்களுக்காகக் கட்டின கயித்துக்கு வெளிய நின்ன நான் துள்ளிக் குதிச்சேன்.

குழியில கையை விட்டவர் அப்படியே உறைஞ்சுட்டார்.

"டேய், நான் காசைத் திருப்பி வச்சேனா?"

"இல்லண்ணே."

"நீ பாத்தியா?"

"பாத்தேண்ணே. கவனமா நின்னுட்டிருந்தீங்க, குறுக்க பேச வேணாம்னு விட்டுட்டேன்."

அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எடுத்து சரியா வச்சிருப்பார், ஒரு பிரச்சினையும் இல்லை. தப்பான இடத்துலருந்து அடிச்சதுக்கு ரெண்டு அடி அபராதம். இவரே போய் நடுவர்கிட்ட சொன்னார். அறுபத்தொண்ணு! அறுபதாவது யாருன்னு நான் வேற சொல்லணுமா?

கார் நிறுத்துற இடத்துல அவன் இவரைக் கட்டிப்பிடிச்சு அழுதான். "மன்னிச்சிடுங்கண்ணி"ன்னான்.

"அந்த வாயால என்னை அண்ணின்னு கூப்பிடாத!"

இவர் என் கையைப் பிடிச்சு இழுத்து காருல உக்கார வச்சார். வழி முழுக்க அவனைக் கிழிகிழின்னு கிழிச்சேன். நன்றி கெட்டவன், கூட இருந்தே கழுத்தறுத்தவன், உருப்படுவானா அவன்! இவர் பாட்டுக்கு வண்டியை ஓட்டிக்கிட்டிருந்தார். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

"ஏங்க, கல்லு மாதிரி உக்காந்திருந்தா எப்படி? அவன் இடத்துல நீங்க இருந்திருந்தா சொல்லியிருப்பீங்கல்ல?"

சிக்னல்ல வண்டி நின்னுச்சு. ஸ்டியரிங்கைப் பாத்துக்கிட்டே யோசிச்சார்.

"போன வருஷம்னா சொல்லியிருப்பேன்."

அதுக்கப்புறம் அவனைத் திட்ட எனக்கு வாய் வரல. இவர் மூஞ்சியைப் பாக்கவும் பிடிக்கல.