பழைய படம் போட்ட கணினி

கிள்ளானில் ஒரு சாப்பாட்டுக் கடை, சனிக்கிழமை மாலை. என் எதிரில் வந்து உட்கார்ந்த, எனக்குத் தெரிந்த தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒரு பழைய மடிக்கணினியைத் திறந்து காட்டுகிறார். இதுபோல் இருபது, பள்ளிக்கு நன்கொடையாக வந்தவையாம். புது விண்டோஸ் இவற்றில் ஏறாது என்பதால் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டிருக்கிறார்.

“எங்க தலைமையாசிரியரு, பெரிய சார், லினக்ஸே வேணாங்கிறாரு, அண்ணே. விண்டோஸ் இல்லன்னா பழைய இரும்பு வாங்குற லோரியில ஏத்திடுன்னுட்டாரு.”

“அப்புறம்?”

“லினக்ஸ் ஓடுற இந்தக் கணினியிலயே பழைய விண்டோஸோட பின்னணிப் படத்த திரையில போட்டு அவரு மேசையில வெச்சேன். ஒரு மணி நேரம் தட்டினாரு. ‘இந்தப் பழைய விண்டோஸே நல்லா ஓடுதுலா, எதுக்கு லினக்ஸுக்கு மாத்தணும்’னு என்னையே கேக்கறாரு.”

நான் சிரிக்கிறேன். ஆசிரியை சிரிக்கவில்லை.

“உண்மையைச் சொல்லணும்லம்மா?”

“சொல்லிடுவேன், அண்ணே. திங்கக்கிழமை பிள்ளைங்க இந்தக் கணினிங்க முன்னால வந்து உக்காரட்டும், அப்புறம். உக்காந்த பிள்ளைய எழுப்பிவிட அவருக்கு மனசு வராது.”