பின்பக்கம் மட்டும் புதுசு

மரத்தில் செய்த எதைக் கண்டாலும் பளபளாவுக்குக் கை சும்மா இருக்காது. கல்யாண வீடோ துக்க வீடோ, உட்காரச் சொன்னால் முதலில் நாற்காலியின் கைப்பிடியை விரலால் தடவிப் பார்ப்பார். "இந்தப் பாலிஷைப் போட்டவன் யாரு? அவன் கையை உடைக்கணும்" என்று துக்க வீட்டிலேயே சத்தமாகச் சொல்லி, மனைவியிடம் தொடையில் கிள்ளு வாங்கிய மனிதர். ஃபர்னிச்சர் கடையின் பின்பக்கப் பாலிஷ் கூடத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். பளபளா என்ற பெயரும் அங்கேதான் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

அவருக்கு ஒரு வேலை முறை உண்டு. பொருளைத் தொடுவதற்கு முன்னால் கையில் சாக்பீஸ் எடுத்துக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வருவார். கீறல், பள்ளம், கறை எங்கே இருந்தாலும் ஒரு வட்டம். வட்டம் போட்டால் அங்கே வேலை இருக்கிறது என்று அர்த்தம். மரத்தின் ரேகை தானாகவே அழகாக ஓடியிருக்கும் இடத்தில் ஒரு பெருக்கல் குறி போடுவார். பெருக்கல் போட்டால் அங்கே யாரும் கை வைக்கக் கூடாது. கூடத்தில் வேலை பார்க்கிற அத்தனை பேருக்கும் இது தெரியும் என்பதால், உலகத்துக்கே தெரியும் என்று அவர் நம்பியிருந்தார்.

அப்பேர்ப்பட்டவர் பழைய கார் வாங்கப் போய் ஏமாந்தார் என்றால் யார் நம்புவார்கள்? மழை பெய்த சாயங்காலத்தில், அரையிருட்டு ஷெட்டுக்குள், ஈரத்தோடு நின்ற வெள்ளைக் காரைத் தடவிப் பார்த்துவிட்டு, "வழவழன்னு இருக்கு" என்று வாங்கி வந்துவிட்டார். ஈரமாக இருந்தால் எதுதான் வழவழ என்று இருக்காது?

மறுநாள் வெயில் வந்ததும் குட்டு உடைந்தது. அது மூடிப்போன ஒரு டிரைவிங் ஸ்கூலின் கார். விற்றவர் ஸ்டிக்கரையெல்லாம் உரித்துத்தான் கொடுத்திருந்தார். ஆனால் வெயில் மற்ற இடங்களை மங்கடித்துவிட்டு, ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த பெயிண்டை மட்டும் புதுசாக விட்டிருந்தது. அதனால் எழுத்துகள் ஒன்று விடாமல் தெரிந்தன. இரண்டு பக்கக் கதவிலும் "பயமின்றி ஓட்டப் பழகுங்கள்." பின்பக்கத்தில், கண்ணாடிக்குக் கீழே, "பழகுபவர் ஓட்டுகிறார். ஹாரன் அடிக்காதீர்கள்."

எதிர்வீட்டு டீச்சர் வாசலில் நின்று பொறுமையாக எல்லாவற்றையும் படித்தார். டீச்சர் அல்லவா, ஒற்றுப்பிழை இருக்கிறதா என்றுகூடப் பார்த்திருப்பார்.

"என்ன சார், ஸ்கூல் ஆரம்பிச்சுட்டீங்களா? என் தம்பிக்கு ஒரு இடம் போட்டு வையுங்க."

"சிரிங்க டீச்சர், நல்லா சிரிங்க. அடுத்த வாரம் இதே வண்டியப் பாத்துட்டு, கண்ணு கூசுதுன்னு நீங்களே சொல்லப் போறீங்க."

பளபளாவுக்குத் தன்மேல் அவ்வளவு நம்பிக்கை. ஆனால் கார் அவருக்காக வாங்கியதல்ல, மனைவிக்காக வாங்கியது. அந்த அம்மாள் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்ப்பவர். எப்படிப்பட்ட முரட்டு ஆளாக இருந்தாலும் கையைப் பிடித்து, ஊரில் மழை பெய்ததா என்று விசாரித்துக்கொண்டே ஊசியைக் குத்தி எடுத்துவிடுவார். ஊருக்கு வெளியே புதுசாகத் திறக்கும் கிளைக்கு அவரையே பொறுப்பாளராகப் போட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் பஸ் கிடையாது. திங்கட்கிழமை காலையில் முதல் ஆளாகப் போய்க் கதவைத் திறக்க வேண்டும். முடியாவிட்டால் அந்த இடம் வேறு ஒருத்திக்குப் போய்விடும். இத்தனை வருஷம் உழைத்ததற்கு இப்போதுதான் பலன் வந்திருக்கிறது, அதை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசே இல்லை.

லைசென்ஸ் இருந்தது. தைரியம்தான் இல்லை. லைசென்ஸ் வாங்கிய புதிதில், அண்ணனுடைய காரை எடுத்துக்கொண்டு போனபோது, சிக்னலில் பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரனை அமுக்கியிருக்கிறான். அம்மாளுக்குக் கைகால் ஓடவில்லை. வண்டியை நடுரோட்டிலேயே நிறுத்தி, கதவைத் திறந்து இறங்கி, நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டார். சாவியை மட்டும் மறக்காமல் கையில் எடுத்து வந்ததுதான் அண்ணனுக்கு இன்றுவரை ஆறாத கோபம். அதற்குப் பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை.

"வண்டி அழகா இருந்தா ஓட்டுறவங்களுக்குத் தைரியம் தானா வரும்" என்றார் பளபளா. "முதல் கட்டமா எழுத்த அழிக்கிறோம். கதவுல இருக்கிற பள்ளத்துக்குப் பட்டி பாக்குறோம். அப்புறம் வீல் கப், சீட் கவர், அப்புறம் சைடுல மெல்லிசா ஒரு சிவப்புக் கோடு. நீ அதுல போய் இறங்கும்போது ராணி மாதிரி இருக்கணும்."

"ராணி முதல்ல ரோட்டுக்குப் போகட்டும்" என்றார் அம்மாள்.

தினமும் வேலை முடிந்து வந்ததும் இருவரும் கிளம்பினார்கள். டிரைவிங் ஸ்கூல் கார் என்பதால் பக்கத்து சீட்டிலும் ஒரு பிரேக் இருந்தது. பளபளா அதன்மேல் காலை வைத்துக்கொண்டு, அமுக்க வேண்டிய இடத்திலும் அமுக்கினார், அமுக்க வேண்டாத இடத்திலும் அமுக்கினார். அப்படியும் அம்மாள் நன்றாகவே ஓட்டினார். பஸ்காரன் ஒதுங்கி வழிவிட்டான். பின்னால் வந்த லாரி தள்ளியே வந்தது. ஒருத்தரும் ஹாரன் அடிக்கவில்லை. எல்லாம் தான் சொல்லிக்கொடுத்த அழகு என்று பளபளாவுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

நாலாம் நாள் அம்மாள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு மெல்ல ஆரம்பித்தார். "என்னங்க, பின்னாடி இருக்கிற எழுத்த மட்டும் விட்டுடுங்களேன்."

"எதுக்கு? அதுதானே இருக்கிறதுலயே அசிங்கம்!"

"அசிங்கமா இருந்தா இருக்கட்டும். பின்னாடி வர்றவன் அதப் படிக்கிறான், சிரிக்கிறான், சும்மா வர்றான். நான் கண்ணாடியில பாத்துக்கிட்டேதான் இருக்கேன். உங்க டிரெய்னிங்ல ஒண்ணும் நான் ஓட்டல."

பளபளாவுக்குச் சுருக்கென்று இருந்தது. அழுக்கை அழுக்காகவே விடுவது அவர் ரத்தத்திலேயே கிடையாது. இருந்தாலும் மனைவி முகத்தைப் பார்த்தார். அது கெஞ்சுகிற முகம் அல்ல, உண்மையிலேயே பயந்த முகம். "சரி, விடு. பின்பக்கத்துல யாரும் கை வைக்க மாட்டான். அதுக்கு நான் பொறுப்பு" என்றார்.

சனிக்கிழமை காலையில் காரைச் சுற்றி வந்து சாக்பீஸால் குறி போட்டார். கதவு எழுத்தைச் சுற்றி வட்டம், பள்ளத்துக்கு வட்டம், கீறலுக்கு வட்டம். பின்பக்கம் முழுக்க, இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை, பெரிதாக ஒரு பெருக்கல். காரைப் பெயிண்ட் ஷெட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போன பிறகு, ஷெட்காரருக்குப் போன் போட்டார்.

"அண்ணே, எல்லாம் குறி போட்டு விட்டிருக்கேன். பாத்துச் செஞ்சுடுங்க. குறி புரியுதுல்ல?"

"என்ன தம்பி, நேத்தா இந்தத் தொழிலுக்கு வந்தேன்? நமக்குத் தெரியாத குறியா?"

இரண்டு பேருக்கும் சந்தேகம் என்பதே வராத சுபாவம். அதுதான் வினையாகப் போனது.

ஞாயிறு சாயங்காலம் ஷெட்காரரே காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். கதவில் "பயமின்றி ஓட்டப் பழகுங்கள்" அப்படியே இருந்தது. பள்ளம், கீறல் எல்லாம் இருந்த இடத்தில் சௌக்கியமாக இருந்தன. பின்பக்கம் மட்டும் முகம் பார்க்கலாம் போல மின்னியது.

"என்னண்ணே இது?" பளபளா பின்பக்கத்தைச் சுட்டிக் காட்டினார்.

"நீங்க போட்ட குறிப்படிதான் தம்பி. பெருக்கல் போட்டா சுரண்டி எடுத்துட்டுப் புதுசா அடிக்கணும். வட்டம் போட்டா பாத்தாச்சு, அப்படியே விடலாம். எந்த ஷெட்ல வேணா கேட்டுப் பாருங்க. ஆனா ஒண்ணு, பெயிண்ட் இன்னும் காயல. ஒரு வாரத்துக்கு அதுமேல எதையும் ஒட்டிடாதீங்க, உரிஞ்சு கையோட வந்துடும்."

அம்மாள் காரைச் சுற்றி வந்தார். பின்பக்கம் வந்ததும் நின்றார். திட்டியிருந்தால்கூடப் பளபளாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் நேராக உள்ளே போய், மறுநாள் போட வேண்டிய வெள்ளைக் கோட்டை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தார்.

"பின் கண்ணாடிக்கு உள்ள ஒரு அட்டை வெச்சுடலாமா?"

"அட்டை மறைச்சா பின்னாடி வர்றதே தெரியாது எனக்கு. வேண்டாம்."

"நான் பக்கத்துல உக்காந்து வரட்டுமா?"

"பொறுப்பாளரா முதல் நாள் போறேன். புருஷன் கையப் பிடிச்சுக்கிட்டா போய் இறங்குவேன்? போறது போறேன். நடுரோட்டுல நிறுத்திட்டு நடந்து வந்தேன்னா, இந்தக் கதை அதோட முடிஞ்சுது."

பளபளா எழுந்து கொல்லைப்பக்கம் போனார். மேஜை கெட்டால் திரும்பத் தேய்க்கலாம். நாளைக் காலை கெட்டால் எதைப் போட்டுத் தேய்ப்பது? கொல்லையில் கிடந்த பெரிய அட்டை கண்ணில் பட்டதும், "அட, இவ்வளவுதானே!" என்று அவருக்கு வழக்கமான நம்பிக்கை திரும்பிவிட்டது. கறுப்பு பெயிண்டைத் தொட்டுக் கொட்டை எழுத்தில் எழுதினார். பாலிஷ் போடும் கைக்கு எழுத்து அவ்வளவாக வராது. கடைசி வரியில் இடம் போதவில்லை. மிச்சத்தைப் பொடிப் பொடியாகக் கீழ் ஓரத்தில் நுழைத்து ஒருவழியாக முடித்தார்.

காலையில், "நானும் ஸ்கூட்டர்ல பின்னாடியே வர்றேன்" என்றார்.

"வாங்க. ஆனா பக்கத்துல வந்து கையக் காலை ஆட்டாதீங்க."

அம்மாள் காரைக் கிளப்பியதும், பளபளா அட்டையை முதுகில் தொங்கவிட்டு, காற்றில் பறக்காமல் இருக்க இடுப்போடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு புறப்பட்டார். காரின் கண்ணாடியில் பார்த்தால் அவர் நெஞ்சுதான் தெரியும், முதுகு தெரியாது. என்ன மூளை என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

பெரிய ரோட்டில் ஏறியதும் பின்னால் ஒருத்தன் ஹாரன் அடித்தான். சரி, படிக்கத் தெரியாதவன் என்று விட்டார். அடுத்து ஒரு வேன்காரன் அடித்தான். அப்புறம் ஒரு பஸ், சாதாரணமாக அல்ல, ராகம் போட்டு இழுத்து அடித்தது. ஜன்னலோரம் இருந்தவர்கள் கை தட்டினார்கள். பைக்கில் வந்த இரண்டு பேர் அடித்துக்கொண்டே சிரித்தார்கள். "மனுஷங்களாடா நீங்க? கண்ணு தெரியலையா?" என்று பளபளா கத்தினார். அவர் கத்தக் கத்த, வந்தவன் போனவன் எல்லாம் அடித்தான்.

முன்னால் கார் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. பளபளாவின் நெஞ்சும் நின்றது. போச்சு, கதவு திறக்கப் போகிறது, இறங்கி நடக்கப் போகிறாள் என்று அவருக்கு வேர்த்துவிட்டது. கதவு திறக்கவில்லை. கார் இருமி, மறுபடி கிளம்பியது. அடுத்த சிக்னலில் சத்தம் காதைப் பிளந்தது. கார் பச்சை விழும்வரை நின்று, நிதானமாக நகர்ந்தது. அதற்கப்புறம் அது நிற்கவே இல்லை.

புதுக் கிளையின் வாசலில் அம்மாள் காரைக் கோட்டுக்குள் நேராக நிறுத்தினார். பளபளா தூரத்திலிருந்தே கையை உயர்த்திக் காட்டிவிட்டு, வந்த சுவடு தெரியாமல் போய்விடலாம் என்று ஸ்கூட்டரைத் திருப்பினார். முதுகு அம்மாள் பக்கம் திரும்பியது.

பின்னால் ஒரு ஹாரன் அடித்தது.

"எவன்டா அவன்? வழி முழுக்க உங்களோட..." என்று பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினார். அங்கே வேறு வண்டியே இல்லை. அவருடைய மனைவிதான், ஸ்டியரிங்கின் நடுவில் உள்ளங்கையை வைத்து, விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தார்.

"நீயா? ஏன் அடிக்கிற?"

"நீங்கதானே எழுதி மாட்டியிருக்கீங்க?"

பளபளா அவசரமாகக் கயிற்றை அவிழ்த்து அட்டையை முன்னால் திருப்பினார். "முன்னால் போவது என் மனைவி. ஹாரன் அடி" என்பது வரைக்கும் கொட்டை எழுத்து. கீழ் ஓரத்தில் பொடியாக எழுதிய "க்காதீங்க" இருந்த இடத்தில், இடுப்புக் கயிறு இறுக்கிய தழும்பு அழுத்தமாகப் பதிந்திருந்தது.

அவருக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. "ஐயோ, நான் வேணும்னு பண்ணலம்மா. ரொம்பப் பயந்துட்டியா?"

"ஒரு இடத்துல பயந்தேன். இறங்கிடலாம்னு கதவுல கைகூட வெச்சுட்டேன். அப்புறம் பாத்தா அடிக்கிறவன் நிறுத்துற மாதிரியே தெரியல. எத்தனை பேருக்குத்தான் பயப்படுறது? போங்கடான்னு ஓட்டிட்டேன்."

வெள்ளைக் கோட்டை நீவிவிட்டுக்கொண்டு இறங்கினார். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது. நாலடி நடந்தவர், என்னவோ நினைவு வந்ததுபோலத் திரும்பி வந்து சாவியை அவர் கையில் வைத்தார்.

"என்னங்க, வீல் கப், சீட் கவரெல்லாம் மெதுவாப் பாத்துக்கலாம். முதல்ல இந்த ஹாரனை மாத்துங்க. சத்தமே பத்தல."