பிளண்டர் கங்காணி

எங்கள் தோட்டத்தில் ஆங்கிலச் சொற்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. லைன் வீடு லயம், பரேட் பெரட்டு, கண்டக்டர் கண்டாக்கு என்று வாயில் போட்டு மென்று நாங்கள் சொந்தமாக்கிக்கொண்டவை ஏராளம். ஆனால் அவையெல்லாம் நான் பிறப்பதற்கு முன்பே வந்து சேர்ந்தவை. புதிதாக ஓர் ஆங்கிலச் சொல் மலையேறி வந்து, எங்கள் லயத்துக்குள் புகுந்து, அப்பாவின் தலைமேலேயே உட்கார்ந்துகொண்டதை மட்டும் நான் கண்ணால் பார்த்தேன். அப்போது ஆறாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா கங்காணி. காலையில் பெரட்டுக்களத்தில் பெண்கள் கூடியதும், அன்று எந்த மலை என்று மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா சொல்வார். அவர்களை அந்த மலைக்குக் கூட்டிப்போய்க் கொழுந்து எடுக்க வைப்பது அப்பாவின் வேலை. அது மழைக்காலம். தேயிலையில் கொப்புள நோய் கண்டிருந்ததால் ஏழாம் நம்பர் மலைக்கு நீல மருந்து அடித்திருந்தார்கள். மருந்து அடித்த மலையில் சில நாளைக்கு யாரும் கை வைக்கக் கூடாது. அந்தக் கொழுந்து பெக்டரிக்குள் போய்விட்டால் கலந்த தூளெல்லாம் பாழ். அடையாளத்துக்கு ஒரு குச்சியில் சிவப்புத் துணி கட்டி மலையடியில் நட்டிருப்பார்கள். முந்தைய இரவுக் காற்று அந்தக் குச்சியைப் பிடுங்கி மழைநீர் ஓடும் கானுக்குள் போட்டுவிட்டது.

விடிந்தபோது முன்னால் போகிறவளின் கூடை பின்னால் வருகிறவளுக்குத் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். அப்பா எட்டாம் நம்பருக்குத் திரும்புவதாக நினைத்து ஒரு பாதை முன்னதாகவே திரும்பினார். பெண்கள் எல்லாரும் யார் வீட்டுக் கல்யாணத்தையோ பேசிக்கொண்டு பின்னாலேயே ஏறினார்கள்.

தேத்தண்ணி நேரத்தில்தான் விஷயம் வெளிப்பட்டது. அப்பாவின் தங்கையும் அந்தக் கூட்டத்தில் கொழுந்து எடுப்பவர். ரொட்டியைப் பிய்க்கப் போனவர் கையை நீட்டிக் காட்டினாராம்.

"அண்ணே, இங்க பாருங்க, வெரலெல்லாம் நீலமா இருக்கு. இது என்னா மலைண்ணே?"

அப்பா குனிந்து ஓர் இலையைத் தேய்த்துப் பார்த்தார். விசிலை ஊதி எல்லாரையும் இறக்கினார். எல்லாக் கூடைகளையும் றோட்டோரம் கவிழ்க்கச் சொன்னார். பிறகு தானே நடந்துபோய் விஷயத்தைச் சொல்லி, தோட்டத்தின் உதவி மேனேஜரான சின்னத்துரையைக் கூட்டிவந்தார். சின்னத்துரை அப்போதுதான் வேலைக்கு வந்திருந்த கண்டிக்கார இளைஞர். சாதாரண நேரத்தில் சிங்களம் கலந்த தமிழ், கோபம் வந்தால் சுத்தமான ஆங்கிலம். மழையில் குவிந்துகிடந்த பச்சைக் கொழுந்தைப் பார்த்து, "வாட் எ பிளண்டர்" என்றார். சனிக்கிழமை ஆபீசுக்கு வா, அதுவரை கான் வெட்டப் போ என்று அப்பாவிடம் சொன்னார். கங்காணி வேலை போய்விடும் என்பது யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் புரிந்தது.

அந்திக்குள் அந்தச் சொல் லயத்துக்கு வந்துவிட்டது. "பிளண்டர் கங்காணி வீட்டுல தீப்பெட்டி இருக்குமா?" என்று எட்டாவது காம்பரா வீட்டிலிருந்து ஒரு குரல். "இருக்கும், ஆனா அவரு உப்பு டப்பாவத் தொறந்து குடுப்பாரு" என்று அத்தையே பதில் கொடுத்தார். லயமே சிரித்தது. அம்மா அடுப்படியில் சட்டியை ஓங்கி வைத்தார். அப்பா மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை.

எனக்கு அழுகை ஒரு பக்கம், அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்ற அரிப்பு மறுபக்கம். பள்ளிக்கூட அகராதியில் பார்த்தேன். 'கவனக்குறைவால் செய்யும் தவறு' என்று ஒற்றை வரி. எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் அப்பாவா? கதவைத் தாழ் போட்டுவிட்டுப் பத்தடி போய், திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற மனிதர் அவர். அகராதிதான் தவறு. சின்ன அகராதிக்கு என்ன தெரியும், பெரியதைக் கேட்போம் என்று முடிவு செய்தேன்.

லிந்துலை டவுனில் ஒரு முஸ்லிம் நானாவின் கடை. குடை, கொப்பி, தேங்காயெண்ணெய் எல்லாம் ஒன்றாக விற்பார். அங்கே கண்ணாடி அலுமாரிக்குள் பிளாஸ்டிக் உறை பிரிக்காத தடித்த ஆங்கில அகராதி ஒன்று இருந்தது. பள்ளி விட்டு வரும்போதெல்லாம் நான் அதைப் பார்த்து ஏங்கியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை பஸ்ஸை விட்டுவிட்டு உள்ளே நுழைந்தேன்.

"நானா, அதுல ஒரே ஒரு சொல்லு பாக்கணும்."

"பாத்துட்டு?"

"பாத்துட்டுக் குடுத்துர்றேன்."

"உறைய பிரிச்சிட்டா அதுக்குப் பொறகு யாரு புள்ள வாங்குவா?"

"எங்கப்பாவத் திட்டுன சொல்லு நானா. நாளைக்கு ஆபீசுல விசாரிக்கிறாங்க."

அவர் அலுமாரியைத் திறந்தார். தோட்டத்துச் செய்தி அவருக்கும் எட்டியிருந்திருக்க வேண்டும். பிளேடை எடுத்து உறையைக் கிழித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எனக்கும் சேர்த்து அவரே தேடினார். இன்றைக்கும் ஒரு புதுப் புத்தகத்தின் உறையைக் கிழிக்கும்போது அந்த மனிதருக்கு மனதுக்குள் ஒரு நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

அர்த்தம் அங்கேயும் அதேதான். ஆனால் கீழே சின்ன எழுத்தில் சொல்லின் பிறப்பு போட்டிருந்தது. ஐரோப்பாவின் வடக்கே, பனி உறையும் நாடுகளின் பழைய பேச்சிலிருந்து வந்த சொல்லாம் அது. அங்கே அதற்கு அர்த்தம் கண்ணை மூடுவது. இங்கிலாந்துக்கு வந்த பிறகு வழி தெரியாமல் குருட்டாம்போக்கில் நடப்பது. தவறு என்ற அர்த்தம் அதற்கும் பிந்தியே ஒட்டிக்கொண்டது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஒரு சொல்லுக்குள் இத்தனை நடை இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. அதைவிட முக்கியம், எங்கள் வழக்கு ஜெயித்துவிட்டது. அப்பா கவனக்குறைவாக இருக்கவில்லை, பனிமூட்டம் அவர் கண்ணை மூடிவிட்டது. சின்னத்துரை சொன்ன சொல்லே அதற்குச் சாட்சி.

சனிக்கிழமை தூறலில் ஆபீசுக்கு ஓடினேன். முற்றத்தில் அப்பாவின் கூட்டத்துப் பெண்கள் அத்தனை பேரும் தலையில் படங்குச் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரையும் பார்க்காமல் உள்ளே போனேன். அப்பா கைகட்டி நின்றார். சின்னத்துரை ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். இரவெல்லாம் மனப்பாடம் செய்த ஆங்கிலத்தை ஒரே மூச்சில் ஒப்புவித்தேன்.

"சார், பிளண்டர் மீன்ஸ் க்ளோஸ் ஐஸ். மிஸ்ட் க்ளோஸ் ஐஸ். நாட் ஃபாதர்."

அவர் பேனாவை வைத்தார். "யாரு சொன்னது?"

"பெரிய டிக்ஷனரி, சார்."

அவர் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருமளவுக்கு. பிறகு, "சரி, போங்க கங்காணி. திங்கக்கெழம பெரட்டுக்கு வாங்க" என்றார்.

நான் வென்ற தளபதியைப் போல வெளியே வந்தேன். "ஏ பிளண்டர் மகளே, உள்ளுக்கு என்னாடி சொன்ன?" என்று அத்தை கேட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு அப்பாவின் கையைப் பிடித்து நடந்தேன்.

சொற்களின் பிறப்பைத் தேடுகிற பைத்தியம் அன்று பிடித்ததுதான். அதுவே என்னைப் பல்கலைக்கழகம்வரை கொண்டுவந்தது. அங்கே நண்பர்களிடம் இந்தக் கதையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். போன தீபாவளிக்கு வீட்டில் ஒரு தோழியிடம் அதே வீரக் கதையை விரித்துக்கொண்டிருந்தபோது, முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த அம்மா நிமிராமலே சொன்னார்.

"நீ போறதுக்கு முன்னாடியே எல்லாம் முடிஞ்சிருச்சு. கொழுந்தெடுத்தவளுக எல்லாரும் உள்ள போயி, செவப்புத் துணிய நாங்க பாத்தோம், கங்காணிகிட்ட சொல்லாம பேச்சு வாக்குல ஏறிட்டோம், அவர எறக்குறதுன்னா எல்லாரையும் எறக்குங்கன்னு சொல்லிட்டாளுக. மலை மாறுன அன்னைக்கு அரப் பேரும் வேணாம்னுட்டாளுக."

அரைப் பேர் என்றால் அரைநாள் கூலி. சிவப்புத் துணியோ கானுக்குள் கிடந்தது. அதை யாருமே பார்த்திருக்க முடியாது. சின்னத்துரைக்கும் அது தெரிந்துதான் இருக்கும். முடிந்துபோன ஒரு வழக்கை ஒரு சிறுமி வாதாடி ஜெயிக்கட்டும் என்று விட்டுக்கொடுக்க அவருக்கும் மனம் இருந்திருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை ஆபீசிலிருந்து நானும் அப்பாவும் முன்னால் இறங்க, அந்தப் பெண்கள் பின்னால் வந்தார்கள். வழி நெடுக "பிளண்டர், பிளண்டர்" என்று ஒரே கேலி. அப்பாவும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துச் சிரித்தார். இந்த மனிதருக்கு ரோஷமே இல்லையா என்று நினைத்தேன். அவருக்காகப் பொய் சொல்லி, கூலியையும் விட்டுவிட்டு வருகிறவர்கள் இப்படிச் சத்தமாகச் சிரித்துக்கொண்டு வருவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்.