அத்தானின் கடற்படை

அக்கா வீட்டுச் சமையலறையை ஒட்டி ஒரு மூலை இருக்கிறது. ஒரு மேசை, ஒரு நாற்காலி, சின்னதாக ஒரு ஜன்னல், சுவரில் ஒரு போர்க்கப்பல். பென்சிலால் வரைந்து சாம்பல் நிறம் தீட்டிய படம். நான்கு புகைபோக்கிகள், முன்னும் பின்னும் இரட்டைப் பீரங்கிகள், பார்த்தால் நூறு வருடத்துக்கு முந்தைய கப்பல் என்றுதான் தோன்றும். ஆனால் அப்படியொரு கப்பலை எந்த நாடும் கட்டியதில்லை. மலையகத்தில் தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தைத் தூளாக்கும் வேலைக்குப் பொறுப்பான டீமேக்கராக இருந்த என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், தானாகக் கணக்குப் போட்டு உண்டாக்கிய கப்பல் அது. வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள், "யாருங்க நேவியில இருந்தாங்க?" என்று கேட்பார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. அத்தானுக்கு நீந்தவே தெரியாது. கொழும்புக்குப் போய்க் காலிமுகத்திடல் கடற்கரையில் நின்றபோதுகூட, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அலை தொடாத தூரத்திலேயே நின்ற மனிதர்.

அவர்கள் மகனின் படிப்புக்கென்று வாங்கிய கணினி, அவன் கம்பஸில் படிக்கப் போன பிறகு வீட்டில் சும்மா கிடந்தது. அதில் எதையோ தேடப்போய், இப்படிக் கப்பல் கட்டி விளையாடும் ஒரு கூட்டத்தை அத்தான் இணையத்தில் கண்டுபிடித்தார். ஏழெட்டு நாட்டுக்காரர்கள். ஆளுக்கொரு கற்பனை நாடு, அந்த நாட்டுக்கு ஒரு கடற்படை. விதி ஒன்றுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எது இருந்ததோ அதை மட்டும் வைத்துத்தான் கட்ட வேண்டும். நீளம், அகலம், பீரங்கி, கவசம், வேகம், நிலக்கரி எல்லாவற்றையும் கொடுத்தால், கப்பல் மிதக்குமா கவிழுமா என்று ஒரு மென்பொருள் கணக்குப் பார்த்துச் சொல்லும். பீரங்கியைப் பெரிதாக்கினால் எடை கூடும், எடை கூடினால் வேகம் விழும், வேகத்தைப் பிடிக்கப் போனால் கவசம் மெலியும். ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை எடுக்க முடியும். அத்தான் எடுத்துக்கொண்ட நாட்டின் பெயர் மலைநாடு. அதைக் கேட்ட அன்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"ஏன் அத்தான், தலவாக்கலையில கப்பல எங்க நிப்பாட்டப் போறீங்க? டேம்லயா?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சமும் சிரிக்காமல், "அந்தக் காலத்துல டேம் ஏது டீச்சரம்மா? விதிப்படி அது முடியாது" என்றார். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள் என்பதால் அவருக்கு எப்போதும் டீச்சரம்மாதான்.

வேலை முடிந்து வந்து, கால் கை கழுவி, பாலில்லாத சாயத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்துவிட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்தால், அக்கா சாப்பிடக் கூப்பிடும்வரை எழும்ப மாட்டார். இலை வாடிய பதத்தை விரலால் கசக்கிப் பார்க்கிற அதே முகத்தோடு புகைபோக்கியின் உயரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். இவ்வளவு பாடுபட்டும் அவருடைய கப்பல்கள் ஒன்றுகூடக் கூட்டத்தில் பெயர் எடுத்ததில்லை. எல்லாம் மெதுவாகப் போகும், கவசமும் மெலிசு. மற்ற நாட்டுக்காரர்கள் ஒவ்வொரு தடவையும் ஒரே குறையைத்தான் எழுதினார்கள். மாலுமிகளுக்கு இவ்வளவு இடம் எதற்கு, அதைப் பாதியாகக் குறைத்தால் கப்பல் உருப்படும் என்று. அந்த மென்பொருள் கடைசி வரியில், ஆட்கள் தங்கும் இடம் நெருக்கடியா, போதுமா, தாராளமா என்று சொல்லும். 'போதும்' என்று வந்தாலே யாரும் விட்டுவிடுவார்கள். அத்தான் 'தாராளம்' என்று வரும்வரை விடமாட்டார்.

ஒருநாள் நானே கேட்டுவிட்டேன், அவர்கள் சொல்கிறபடி குறைத்தால்தான் என்ன என்று. அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அப்போதுதான்.

"கப்பலுக்குள்ள லயம் கட்டச் சொல்றாங்க டீச்சரம்மா. நான் கட்ட மாட்டேன். பீரங்கியக் கொறைப்பேன், வேகத்தக் கொறைப்பேன். ஆளு இருக்கிற எடத்துல மட்டும் கை வைக்கக் கூடாது."

அத்தான் பிறந்து வளர்ந்தது, தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த லயத்தில். ஒரே அறையில், ஒற்றைக் காம்பராவில், அப்பா, அம்மா, ஐந்து பிள்ளைகள். மூத்த அண்ணனுக்குக் கல்யாணம் ஆனதும் குறுக்கே ஒரு சேலையைக் கட்டி அந்தப் பக்கத்தை அவருக்கு விட்டார்கள். இந்தப் பக்கம் மற்றவர்கள் அடுக்கிவைத்த மாதிரி படுப்பார்கள். எல்லோரும் தூங்கும்போது இருமல் வந்தாலும் அடக்கிக்கொண்டுதான் படிக்க வேண்டும் என்று அத்தான் ஒரு தடவை சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

ஓய்வு பெறும் காலம் நெருங்கியது. தோட்டத்தில் வேலை முடிந்தால் குவாட்டர்ஸையும் விட வேண்டும். டவுனுக்கு மேலே சரிவில் வாங்கிப்போட்ட ஒரு துண்டு நிலத்தைத் தவிர அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. அதில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் மழைத்தண்ணி ஓடும் கான். வீட்டுக்கு ஒரு கல்கூட வைக்கவில்லை. அக்கா சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துபோனாள். அத்தான் "பார்க்கலாம் புள்ள" என்பார், மறுபடி கப்பலுக்குள் போய்விடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அகப்பையைக் கையில் பிடித்தபடியே அக்கா வந்து அந்தக் கணினிக்கு முன்னால் நின்றாள்.

"ஏங்க, இந்தக் கப்பல்ல எத்தன பேரு?"

"எழுநூறு பேரு."

"எழுநூறு பேருக்கும் படுக்க எடம் போட்டுட்டீங்க. நம்ம ரெண்டு பேருக்கு எங்கங்க எடம்?"

அத்தான் கணினியை அணைத்தார். எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஆனால் அக்கா கேட்டதில் என்ன பிழை?

மறுநாள் முதல் அதே மேசையில் வீட்டுப் பிளான் ஏறியது. கப்பலுக்குப் போட்ட கணக்கையே வீட்டுக்கும் போட்டார். பாறைப் பக்கம் இத்தனை அடி விட வேண்டும், கான் பக்கம் இத்தனை, மிச்சத்தில்தான் எல்லாம். குவாட்டர்ஸ் சமையலறை இருட்டும் புகையுமாக ஒரு பொந்து. அதில் கண்ணைக் கசக்கிக் கசக்கி அக்காவின் பாதி ஆயுள் போயிருந்தது. அதனால் புது வீட்டில் சமையலறைதான் பெரிசு. இரண்டு பேர் தாராளமாக நின்று சமைக்கலாம், பெரிய ஜன்னல் வேறு. படுக்கையறை, சாமி மாடம், மகன் வந்தால் தங்க ஓர் அறை, எல்லாம் இருந்தது. அக்கா பிளானை இரண்டு தரம் பார்த்தாள்.

"உங்க மேசை எங்கங்க?"

"எடை மிஞ்சிருச்சு புள்ள. அதான் எறக்கிட்டேன்."

கப்பலில் எதையாவது நீக்கும்போது சொல்வாரே, அதே குரல். அக்கா "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் அவ்வளவு லேசில் சரி சொல்கிற ஆளில்லை. எனக்கு அப்போதே சந்தேகம்.

அத்தான் தொழிற்சாலையில் இருந்த நேரம் பார்த்து அக்கா கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போய், கொத்தனாரான மேசன் பாஸிடம் அரைகுறைச் சிங்களத்தில் பேசி, கையால் காட்டி, சமையலறைச் சுவரை உள்ளே தள்ளி எழுப்பச் சொல்லிவிட்டாள். சனிக்கிழமை அத்தான் வந்து டேப் பிடித்து அளந்தார். முகம் மாறிவிட்டது. சுவர் இடம் மாறிப்போச்சு, யாரைக் கேட்டு மாற்றினாய் என்று பாஸ்மேல் பாய்ந்தார். அந்த மனுஷன் அக்காவைக் காட்டினான்.

"நான்தாங்க சொன்னேன். அந்த மூலையில உங்க மேசையப் போடுங்க."

"கிச்சன் நெருக்கடியாப் போகுமே புள்ள!"

"போனாப் போகட்டும். கப்பல்ல இருக்கிறவன் மட்டுந்தான் ஆளா? நீங்க ஆளு இல்லையா?"

அத்தான் டேப்பைக் கீழே வைத்துவிட்டுச் சிமெந்து மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியதைத் தூசி பட்டதாகச் சொல்லிச் சமாளித்தார். நாங்களும் நம்பியதாகக் காட்டிக்கொண்டோம்.

அந்த மூலையில் அவர் மூன்று வருடம் இருந்தார். அக்கா கறி தாளிக்கிற புகை எல்லாம் அங்கேதான் போகும், தும்மிக்கொண்டே வரைவார். சுவரில் இருக்கிற கப்பல் அங்கே வரைந்ததுதான். அதற்கும் கூட்டத்தில் அதே குறையைத்தான் சொன்னார்களாம். போன மழைக்காலத்தில் ஒரு காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டவர், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே போய்விட்டார். இன்றும் ஏதாவது கேலி வாயில் வந்தால், அதைச் சொல்ல ஆளில்லாமல் தவித்துப்போகிறேன்.

சென்ற மாதம் மகனும் மருமகளும் வந்திருந்தார்கள். சமையலறையில் அக்கா, மருமகள், நான். ஒருத்தி திரும்பினால் மற்றவள் முழங்கையில் இடிபடுவாள். மகன் அத்தானின் டேப்பை எடுத்துவந்து அளந்தான்.

"இந்தச் செவத்த ஒடைச்சிருவோம்மா. மூலை சும்மாதானே கெடக்கு. கிச்சன் நல்லாப் பெருசாயிரும்."

சரியான யோசனைதான். நானும் தலையை ஆட்டினேன். அக்கா போஞ்சிக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"அது ஆளு இருக்கிற எடம் தம்பி. அதுல கை வைக்கக் கூடாது."

மகன் சுவரில் இருந்த கப்பலை ஒரு தடவை பார்த்தான். பிறகு டேப்பைச் சுருட்டி மேசைமேல் வைத்தான்.